கொத்தில்லா மேரி

பெங்களூர் ஜோகுபாளையத்தில் என் தங்கை லூர்துமேரியின் வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால், அவளிடம் மட்டும் வழி கேட்கக்கூடாது. அவள் வாசலிலேயே நின்று, "லூர்துமேரி வீடு எதும்மா?" என்று கேட்டாலும், "தெரியாது" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுவாள். கன்னடத்தில் கேட்டால் "கொத்தில்ல". உருதுவில் கேட்டால் "மாலூம் நை". கூரியர்க்காரன், சிலிண்டர்க்காரன், வாக்காளர் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வரும் டீச்சர் எல்லோருக்கும் அதே பதில்தான். தெருவில் அவளுக்குக் கொத்தில்லா மேரி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். முகத்துக்கு நேரேயே கூப்பிடுவார்கள். அவள் கோபித்துக்கொள்ளமாட்டாள். கோபப்படுகிற வேலையை எங்கள் வீட்டில் நான்தான் மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்திருக்கிறேன்.

என் பெயர் சிரில். வயது அறுபத்தாறு. மேரி என்னைவிட மூன்று வயது சின்னவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னோடும் என் மனைவி கிரேஸோடும்தான் இருக்கிறாள்.

சில வருஷங்களுக்கு முன்னால் என் மகள் ஜெனிஃபரைப் பெண் பார்க்கச் சந்தாபுராவிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. தெருமுனையில் கொத்தமல்லி வாங்கிக்கொண்டிருந்த மேரியிடம், "சிரில் சார் வீடு எங்க இருக்கு?" என்று கேட்டிருக்கிறார்கள். தெரியாது என்றுவிட்டாள். பட்டுப்புடவையும் பூத்தட்டுமாக வெயிலில் அரைமணி நேரம் சுற்றி, ஒருவழியாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தால், அதே பொம்பளை காபித் தட்டோடு வந்து நிற்கிறாள். மாப்பிள்ளையின் அம்மா அந்தக் காபியைத் தொடவேயில்லை. சம்பந்தம் அத்தோடு போயிற்று.

"அறிவு இருக்கா உனக்கு?" என்று நான் கத்தினேன். "சொந்த அண்ணன் வீடு தெரியாதாடி உனக்கு?"

"அவங்கோ யாருன்னு எனக்கு எப்டிணா தெரியும்? ஆள இன்னாத்துக்குத் தேடுறாங்கோன்னு யாரு கண்டா?" என்றாள் மேரி.

அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை. கிரேஸுக்கு ஆச்சரியம். ஒரு மணி நேரம் கத்த வேண்டியவன் ஒரு நிமிஷத்தில் அடங்கிவிட்டானே என்று. அடங்கியதற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்வதென்றால் எண்பத்தாறாம் வருஷத்துக்குப் போக வேண்டும்.

அப்போது எங்களுக்கு இந்த வீடு தரைத்தளம் மட்டும்தான். மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ஓர் அறை. அப்பா ஆண்டனி கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்து, நெஞ்சு நிறையத் தூசியோடு பெங்களூர் வந்து சேர்ந்தவர். நான் ஒரு பாக்டரியில் ஃபிட்டர். மேரி வீட்டில் தையல் மிஷின் வைத்து அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள்.

கடலுக்கு அந்தப் பக்கம் உள்நாட்டுச் சண்டை நடந்துகொண்டிருந்த நேரம். இங்கே எங்களுக்கெல்லாம் ரத்தம் கொதித்துக்கொண்டிருந்தது. எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே கொதித்தது. அல்சூர், அடுகோடி என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போய், அங்கே போராடுகிற தமிழ்ப் பையன்களுக்காகத் துணியும் மருந்தும் சேர்ப்போம். அங்கே இயக்கம் ஒன்றல்ல, பல இருந்தன. எந்த இயக்கம் எது என்று நாங்கள் யாரும் பார்க்கவில்லை. "எல்லாம் நம்ம பசங்கதாண்டி" என்று மேரிக்கு நான்தான் பாடம் நடத்தினேன். அவளும் அப்படியே நம்பினாள். அவள் மட்டுமா, பெங்களூரில் இருந்த தமிழர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் நம்பினோம். இயக்கங்களின் பெயரை இப்போதும் எழுதமாட்டேன். எழுதினால் இன்றைக்கும் என் வாசலுக்கு வந்து சண்டை போட ஆள் இருக்கிறது.

அந்த மேல் அறைக்கு நேசன் குடிவந்தார். நேசன் என்பது இயக்கத்தில் வைத்த பெயர். சொந்தப் பெயரைக் கேட்கக்கூடாது, ஊரைக் கேட்கக்கூடாது, அது அவர்கள் வழக்கம். வயது இருபத்தாறுதான் இருக்கும். வலது முழங்காலில் குண்டு பட்டு எலும்பு நொறுங்கிப்போய், வைத்தியத்துக்காக இங்கே வந்திருந்தார். காலில் இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ் போட்டுத்தான் நடப்பார். அதை அடுகோடியில் ஒரு பட்டறையில் செய்து தந்தார்கள். பட்டை உராய்ந்து புண்ணாகும், ஆகவே வாரா வாரம் வியாழக்கிழமை போய்ச் சரிசெய்துகொண்டு வருவார்.

மேரியை அவர் தங்கச்சி என்று கூப்பிடுவார். அவள் சாம்பாரைக் குடித்துவிட்டு, "தங்கச்சி, இது கறியோ மருந்தோ?" என்று கேட்பார். அவளும் விடமாட்டாள், "மருந்துதான், கால் சீக்கிரம் ஆறட்டும்னு குடுக்குறேன்" என்பாள். அவருக்கு ஊரில் மனைவி இருந்தாள், நாலு மாதக் கைக்குழந்தை இருந்தது. குழந்தையின் போட்டோவைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். மேரி அந்தப் போட்டோவைப் பார்த்துப் பார்த்து அளவைக் குத்துமதிப்பாக எடுத்து, ஒரு கவுன் தைத்துக் கொடுத்தாள்.

எங்கள் அப்பாவுக்கு மட்டும் இயக்கம் பிடிக்காது. நேசனைப் பிடிக்கும், இயக்கம் பிடிக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது ஆரம்பித்தார்.

"பாத்துக்கினே இரு. ஒரு நாளைக்கு இவனுங்கோ எதிரிய உட்டுட்டு அவனவன் கழுத்த அவனவனே அறுத்துக்குவானுங்கோ. மைன்ஸ்ல ஒரே யூனியன் மூணாப் பிரிஞ்சு, ஒண்ணா கீழ எறங்குனவன் ஒருத்தன ஒருத்தன் வெட்டிக்கினான். நான் பாத்தவன்டா."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "உங்க கள்ளுக்கடை சண்டையும் இதுவும் ஒண்ணா? உயிரக் குடுக்க வந்த பசங்கப்பா அவங்க" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அம்மா, மேரி, அக்கம்பக்கம் எல்லோருக்கும் கேட்கும்படி அரைமணி நேரம் பேசினேன். அப்படி ஒன்று நடந்தால் என் மீசையை எடுத்துவிடுகிறேன் என்றும் சொல்லித் தொலைத்தேன்.

ஒரு நாள் விட்டு, செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பாக்டரியிலிருந்து வந்ததும் நேசன் மாடிக்குக் கூப்பிட்டார். பூட்ஸைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளிறிக் கிடந்தது.

"சிரில் அண்ணை, எங்கட தமிழில கதைச்சுக்கொண்டு ஆரும் வந்து என்னைக் கேட்டால், அப்பிடி ஒருத்தர் இஞ்ச இல்லை எண்டு சொல்லுங்கோ. எங்க போறன், எப்ப வாறன் எண்டு ஒருத்தரிட்டயும் சொல்லாதேங்கோ. அம்மாவிட்டயும் தங்கச்சியிட்டயும் சொல்லி வையுங்கோ."

"யாரு, போலீஸா?"

"இல்லை அண்ணை. எங்கட ஆக்கள்தான். மற்ற இயக்கம்."

அப்புறம் சொன்னார். ஊரில் இரண்டு இயக்கத்துக்கும் சண்டை முற்றிவிட்டது. ஒன்றாக ட்ரெயினிங் எடுத்தவர்கள், ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். ஒரு பக்கத்துப் பையன்களை இன்னொரு பக்கம் சுட்டு, சந்தியில் போட்டு எரித்திருக்கிறார்கள். சரணடைந்தவர்களையும் விடவில்லை. இங்கே இந்தியாவில் இருக்கிற ஆட்களையும் தேடுகிறார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆறுதல் சொல்லவில்லை. அந்த மனுஷனிடமே சண்டைக்குப் போனேன். "இதுக்காடா நாங்க வெயில்ல வீடு வீடா ஏறி எறங்குனோம்? உங்களுக்குள்ளயே அடிச்சிக்கிறதுக்கா மருந்து சேத்துக் குடுத்தோம்? வெக்கமா இல்ல?" என்று கேட்டேன். அவர் குனிந்த தலை நிமிரவில்லை.

"கோவப்படுங்கோ அண்ணை. கோவப்படத்தான் வேணும். ஆனா வீட்டில மட்டும் சொல்லி வையுங்கோ."

சொல்லி வைக்கிறேன் என்று இறங்கி வந்தேன். கீழே அப்பா நாற்காலியில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "இன்னாடா, மேல ஒரே சத்தம்?" என்றார். வாய்வரை வந்துவிட்டது. சொன்னால் அப்பா ஜெயித்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை நான் பேசிய பேச்சுக்கெல்லாம் சேர்த்துச் சிரிப்பார், மீசை எப்போதடா எடுக்கிறாய் என்று கேட்பார். "ஒண்ணுல்லப்பா" என்றேன். மேரியிடம் தனியாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவளிடம் சொன்னாலும் அது நேராக அப்பாவிடம்தான் போகும். கொஞ்சம் சூடு ஆறட்டும், ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிதாக ஒரு காரணம் இருந்திருக்கக் கூடாதா என்று நானே எத்தனையோ தடவை தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் ஒருவன் வந்தான். நான் வேலைக்குப் போயிருந்தேன். அம்மா ரேஷன் கடையில். அப்பா உள்ளே தூக்கம். மேரி மிஷினில் உட்கார்ந்திருந்தாள். வந்தவன் வெள்ளைச் சட்டை, நல்ல மரியாதையான பேச்சு என்று அவள் பிறகு சொன்னாள். "தங்கச்சி, நான் நேசன்ட கூட்டாளி. கால் எப்பிடி இருக்கு எண்டு பாத்திட்டுப் போகலாம் எண்டு வந்தனான்" என்றிருக்கிறான். அந்தத் தமிழைக் கேட்டதும் இவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஊர்க்காரர் ஒருவர் தேடி வந்தால் நேசன் எவ்வளவு மகிழ்ந்துபோவார் என்று நினைத்திருக்கிறாள். உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்தாள். அடுகோடியில் எந்தப் பட்டறை, எந்த பஸ்ஸில் ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும், எல்லாம் சொன்னாள். அதோடு விடவில்லை. நேசன் அன்று சாப்பிடாமல் கிளம்பிவிட்டார் என்று, சோறும் மீன்குழம்பும் டப்பாவில் போட்டு அவன் கையிலேயே கொடுத்து அனுப்பினாள்.

நேசன் திரும்பி வரவில்லை. பட்டறைக்காரரைப் போய்க் கேட்டேன். யாரோ சொந்தக்காரன் சாப்பாடு கொண்டுவந்தான், இரண்டு பேரும் பேசிக்கொண்டே வெளியே போனார்கள், வாசலில் ஒரு வேன் நின்றது என்றார். மூன்றாம் நாள் காலையில் போலீஸ் எங்கள் வீட்டுக்கு வந்தது. ஓசூர் ரோட்டுப் பக்கம் ஒரு தைலமரத் தோப்பில் உடல் கிடந்திருக்கிறது. பக்கத்தில் எங்கள் டப்பா. எவர்சில்வர் பாத்திரத்தில் எல்லாம் பெயர் வெட்டி வைக்கிற பழக்கம் நமக்கு உண்டே. மூடியில் "ஆண்டனி, ஜோகுபாளையம்" என்று வெட்டியிருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் வந்திருந்தார்கள்.

"ஈ டப்பா நிம்தேனா?" என்று, இது உங்களுடையதா எனக் கன்னடத்தில் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

மேரி வாங்கித் திறந்து பார்த்தாள். டப்பா காலியாக இருந்தது. சாப்பிட்டது நேசனா, அவரைக் கொன்றவர்களா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. மேரி அழவில்லை. டப்பாவை மூடிப் பக்கத்தில் வைத்துவிட்டு, "நான்தான் சொன்னேன்" என்றாள். அன்றைக்கு அதையே எத்தனை தடவை சொன்னாள் என்று கணக்கில்லை.

அப்பாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. மீசையைப் பற்றியும் கேட்கவில்லை. நெஞ்சில் கைவைத்து, "எம் மவன் வயசுடா அவனுக்கு" என்று மட்டும் சொன்னார். நான் பயந்து ஒளிந்தது இந்த மனுஷனுக்காகவா என்று அப்போது தோன்றியது.

அதற்குப் பிறகு மேரி மேரியாக இல்லை. ஜாக்கெட் தைப்பதை நிறுத்திவிட்டு கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போனாள். முப்பத்திரண்டு வருஷம் செக்கிங் டேபிளில் நின்று, தைத்து வரும் சட்டைகளில் பிரிந்த தையலைத் தேடிக்கொண்டிருந்தாள். ராபர்ட்சன்பேட்டையிலிருந்து நல்ல இடம் ஒன்று வந்தது, பையன் ரயில்வேயில் இருந்தான். "என் வாயால ஒரு குடும்பம் அழிஞ்சது போதும்ணா. எனக்கு எதுக்கு குடும்பம்?" என்றாள். வியாழக்கிழமைகளில் ஒருவேளைதான் சாப்பிடுவாள். யார் எதைக் கேட்டாலும் தெரியாது என்பதும் அப்போது வந்ததுதான்.

ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். "மேரி, நீ தப்பு பண்ணல. அவரு எங்கிட்ட சொல்லி வெச்சாரு, நாந்தான் உங்கிட்ட சொல்லல." அவள் நெஞ்சில் தூக்கிச் சுமந்த கல்லில் பாதியாவது இறங்கியிருக்கும். சொல்லவில்லை. முதல் வாரம் அவள் இருந்த நிலையில் சொல்ல முடியவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முதல் வருஷம் முடிந்ததும், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே என்ற பயம் வந்துவிட்டது. பத்து வருஷம் ஆனபிறகு எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. ஒரு தபசு காலத்தில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். "இத எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? வீட்டுக்குப் போய்த் தங்கச்சிகிட்ட சொல்லுங்க" என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வந்து, அடுத்த வாரத்திலிருந்து வேறு கோயிலுக்குப் பூசைக்குப் போக ஆரம்பித்தேன். என் லட்சணம் இதுதான்.

இப்போது கதை இந்த வருஷத்துக்கு வருகிறது. போன ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினோரு மணி இருக்கும். வாசலில் வாடகைக் காரிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். ஜீன்ஸ், கண்ணாடி, நாற்பது வயதுக்குக் கொஞ்சம் குறைவு. கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "இது ஆண்டனி ஐயாட வீடுதானே?" என்று கேட்டாள்.

அந்தத் தமிழைக் கேட்டதும் மேரியின் கையிலிருந்த துடைப்பம் நின்றுவிட்டது. "தெரியாது. போங்க" என்றாள்.

"என்ட அப்பா இஞ்சதான் இருந்தவர். எண்பத்தாறில. நேசன் எண்டு சொன்னால் தெரியுமோ? நான் அவற்ற மகள், சாம்பவி. ரொறன்ரோவில இருந்து ஆபீஸ் வேலையா வந்தனான்."

மேரி கேட்டைத் திறந்துவிட்டாள். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து நாற்காலியில் உட்காரவைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். பிறகு எதிரே நின்றபடியே, எந்தச் சுற்றிவளைப்பும் இல்லாமல் ஆரம்பித்தாள்.

"உங்கப்பா சாவுக்கு நாந்தாம்மா காரணம். ஒரு ஆள் வந்தான். உங்கப்பா எங்கன்னு கேட்டான். நாந்தான் சொன்னேன். ஒக்கார வெச்சு டீ குடுத்தேன், சாப்பாடு குடுத்தனுப்சேன். எல்லாம் ஒரே பசங்கன்னு நெனச்சேன். அவங்களுக்குள்ள சண்டைன்னு எனக்குத் தெரியாது."

முப்பத்தொன்பது வருஷமாக மனப்பாடம் செய்து வைத்திருந்ததுபோல ஒரே மூச்சில் சொன்னாள். கிரேஸ் சமையலறை வாசலில் அசையாமல் நின்றாள். நான் சோபாவில் உட்கார்ந்திருந்தேன், பேப்பர் மடியில் கிடந்தது. இப்போதாவது எழுந்து சொல்லடா என்று உள்ளுக்குள் ஒருவன் கத்திக்கொண்டிருந்தான்.

சாம்பவி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேரியை இழுத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, அவள் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"உங்களுக்குத் தெரியாதுதானே அன்ரி. தெரியாமல் செய்ததுக்கு ஆர் என்ன சொல்றது? சுட்டது நீங்களோ? எங்கட சனமே எங்கட சனத்தைச் சுட்டது."

மேரியின் முகத்தை அந்த நேரத்தில் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். யாராவது ஒருவர் அப்படிச் சொல்லமாட்டார்களா என்றுதான் அவள் இத்தனை வருஷமும் உயிரோடு இருந்தாள் போலிருக்கிறது.

"ஒண்டு மட்டும் கேக்கவேணும் அன்ரி. அதுக்குத்தான் தேடி வந்தனான்" என்று சாம்பவி பையிலிருந்து ஒரு கவரை எடுத்தாள். பழைய நீலநிற ஏர்மெயில், பின்பக்கம் எங்கள் வீட்டு விலாசம். "இது அப்பா கடைசியா அம்மாவுக்குப் போட்ட கடிதம். புதன்கிழமை எழுதியிருக்கிறார். அம்மா போன வருசம் மோசம் போயிட்டா. சாகுமட்டும் இதை வாசிச்சு வாசிச்சு உங்கட வீட்டு ஆக்கள்தான் காட்டிக் குடுத்தவை எண்டு திட்டினவா. கேளுங்கோ."

வாசித்தாள். "நீ ஒண்டுக்கும் பயப்படாதை. இஞ்ச வீட்டுக்காரர் நல்ல சனம். ஆர் வந்து கேட்டாலும் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டாம் எண்டு அவையிட்ட சொல்லி வச்சிருக்கிறன்."

கடிதத்தை மடித்தாள். "சொல்லி வச்சிருக்கிறன் எண்டு எழுதியிருக்கிறார். பிறகு ஏன் அன்ரி சொன்னனீங்கள்?"

மேரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எங்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லலியேம்மா" என்றாள். அம்மா இல்லை, அப்பா இல்லை. அந்த வீட்டில் அன்று இருந்தவர்களில் மிச்சம் நான் ஒருவன்தான். மேரி என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, உங்கிட்ட எதுனா சொன்னாரா?"

நான் வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே இருந்தது. மூன்று பெண்களும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை. ஊரையே அதட்டுகிற வாய்க்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. நான் மடியில் கிடந்த பேப்பரைப் பார்த்தேன்.

மேரி என் முகத்தை எவ்வளவு நேரம் பார்த்தாளோ தெரியாது. பிறகு சாம்பவி பக்கம் திரும்பினாள்.

"சொன்னாரும்மா. எங்கிட்டதான் சொன்னாரு. இப்பதான் ஞாபகம் வருது. நான் மறந்து பூட்டேன்."

சாம்பவி தன் கைகளை எடுத்துக்கொண்டாள். வேகமாகவெல்லாம் இல்லை, மெதுவாகத்தான் எடுத்தாள். மேரியின் கை மட்டும் நாற்காலியின்மேல் தனியாகக் கிடந்தது.

"மறந்திட்டீங்களோ?"

"ஆமாம்மா."

"அம்மா பிழையா விளங்கிட்டா, அவை நல்ல சனம்தான் எண்டு நினைச்சுக்கொண்டு வந்தனான்" என்று எழுந்தாள் சாம்பவி. "அம்மா சரியாத்தான் சொல்லியிருக்கிறா." செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள். கிரேஸ் வைத்த காபி மேசையில் அப்படியே இருந்தது.

மேரி அந்தக் கப்பை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது. நான் வாசல்வரை போய், "மேரி" என்றேன். அவள் கப்பைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

"என்னிக்கு சொன்னாரு?"

"செவ்வாக்கெழம."

"செவ்வாக்கெழம ராத்திரி ஒரு வேள. புதன்கெழம காலைல, ராத்திரி ரெண்டு வேள. வியாழக்கெழம காலைல ஒண்ணு." அவள் குரல் ஏறவே இல்லை. "நாலு வேள எங்கூட ஒக்காந்து சாப்ட்டிருக்க. நாலு வேளையும் வாயத் தொறந்துதானணா சாப்ட்ட?"

நான் ஏதோ சொல்ல வந்தேன். அவள் குழாயை மூடினாள்.

"இப்ப எங்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம். ஓடு. அந்தப் பொண்ணு போறதுக்குள்ள போய்ச் சொல்லு. அதோட அம்மாதான் தெரியாமயே செத்துப்போச்சு. அதுவாவது தெரிஞ்சிக்கினு போட்டும்."

போனேன். கார் போயிருக்கும் என்று நினைத்தேன், போகவில்லை. எங்கள் தெருமுனையில் ஒரு தண்ணி டேங்கர் குறுக்கே நின்று அப்பார்ட்மெண்டுக்குள் குழாய் போட்டுக்கொண்டிருந்தது. டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டிருந்தான். பின் சீட்டில் சாம்பவி குனிந்து உட்கார்ந்திருந்தாள், தோள் குலுங்கியது. நான் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். தட்டக் கையைத் தூக்கினேன். சற்றுமுன் மேரியைப் பார்த்த அதே பார்வையை இந்தப் பெண் என்மேல் திருப்புவாள் என்று தோன்றியது. கையை இறக்கிக்கொண்டேன். டேங்கர் நகரப் பத்து நிமிஷமாவது ஆகியிருக்கும். பத்து நிமிஷமும் அங்கேயேதான் நின்றேன். பிறகு கார் போய்விட்டது.

வீட்டுக்கு வந்தபோது மேரி வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"சொல்ட்டியா?"

"சொல்ட்டேன்."

"இன்னா சொன்னா?"

"பரவால்ல அங்கிள்னு சொன்னா."

"எம்மேல கோவம் இல்லையாமா?"

"இல்லையாம். உங்கிட்ட சொல்லச் சொன்னா."

மேரி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். போலீஸ் வந்த அன்றுகூட அழாதவள், அப்பா அம்மா போனபோதும் இரண்டு சொட்டு விட்டுவிட்டு வேலைக்குப் போனவள், கிரேஸ் வந்து பிடித்துத் தூக்குகிறவரை அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "பசிக்குது" என்றாள்.

கிரேஸ் தட்டு வைத்தாள். மேரி என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள். குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொன்னாள். எனக்கும் பசித்தது. இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.